மழைக்கு எங்கே ஒதுங்குவது

சிங்கப்பூர்க் கடலில் அப்படி என்ன ஆபத்து, அது குளம் மாதிரிதானே என்று ஊரிலிருந்து பேசும் சொந்தக்காரர்கள் கேட்பார்கள். கேள்வி நியாயம்தான். பூமத்திய ரேகைக்கு இவ்வளவு பக்கத்தில் புயல் வருவது அபூர்வம், 2001 டிசம்பரில் வாமெய் என்ற சூறாவளி பக்கத்து மலேசியாவின் ஜொகூரில் கரையேறியதை இன்றும் விதிவிலக்காகத்தான் சொல்கிறார்கள். ஆனால் நான் ஓட்டுவது கப்பல் இல்லை. ஏழு மீட்டர் ஃபைபர் படகு, பின்னால் இரண்டு அவுட்போர்டு என்ஜின், ஆய்வுக்காகக் கடல்நீர் மாதிரி (சாம்பிள்) எடுக்க வருகிறவர்களையும் அவர்களுடைய ஐஸ் பெட்டிகளையும் தென் தீவுகள் பக்கம் கொண்டுபோய்க் கொண்டுவருவது வேலை. இந்தப் படகுக்குப் புயல் தேவையில்லை, முக்கால் மணி நேர மழைக்காற்று போதும்.

இங்கே முக்கியமாகப் பயப்பட வேண்டியது சுமத்ரா ஸ்குவால். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை, பெரும்பாலும் விடிவதற்கு முன்போ காலையிலோ, சுமத்ரா பக்கமோ மலாக்கா நீரிணையிலோ உருவாகிற இடிமழை வரிசையாக அணிவகுத்துக் கிழக்கே வரும். காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வரை அடிக்கும், ஒன்று இரண்டு மணி நேரத்தில் போய்விடும். நாங்கள் புறப்படுவதும் அதே காலை நேரம்தான். வானிலை ரேடார் படத்தில் மேற்கே சிவப்பும் மஞ்சளுமாக வில் போல் வளைந்த கோடு தெரிந்தால் அன்றைக்கு நான் கயிற்றை அவிழ்ப்பதில்லை. சரி, கடலுக்குப் போன பிறகு வந்தால்?

எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த பாம்பன்காரர் ஒருவர் இதற்கு நேரடியாகப் பதில் சொல்லமாட்டார், திருப்பிக் கேட்பார். "தம்பி, இப்ப கச்சான் அடிச்சா எங்க ஒதுங்குவ?" கச்சான் என்றால் மேற்கிலிருந்து அடிக்கும் காற்று. வெயில் பளீரென்று அடிக்கும்போது கேட்பார், டீ குடிக்கும்போது கேட்பார், ஒவ்வொரு இடத்திலும் கேட்பார். "தெரியலண்ணே" என்றால் தெரிகிற வரைக்கும் படகை மேலே போக விடமாட்டார். போவதா வேண்டாமா என்பதைவிட எங்கே காத்திருப்பது என்பதுதான் இந்த வேலை என்று எனக்குப் புரிந்தது அவரிடம்தான். இங்கத்திய கெட்ட வானிலை சீக்கிரம் முடிந்துவிடும். அந்த ஒரு மணி நேரத்தை வைக்க ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான்.

மேற்கிலிருந்து வரும் காற்றுக்குத் தீவின் கிழக்குப் பக்கம் மறைவு. சொல்ல எளிது. ஆனால் எல்லாத் தீவையும் நெருங்கிவிட முடியாது. புக்கோமில் எண்ணெய் ஆலை, பாதுகாக்கப்பட்ட இடம். சூடோங், செனாங், பாவாய் மூன்றும் ராணுவத்தின் சுடுபயிற்சிப் பகுதி. மிச்சம் செமக்காவ், செயின்ட் ஜான்ஸ், லாசரஸ், கூசு, சிஸ்டர்ஸ் தீவுகள் என்று சில, அவற்றைச் சுற்றியும் பவளத் திட்டு, நீர் வற்றினால் ப்ரொபெல்லர் தட்டும். அதனால் மறைவு என்று நினைத்து ரொம்பக் கரையை ஒட்டிப் போனாலும் வம்பு. காலையிலேயே நீர்மட்ட அட்டவணையும் வரைபடமும் பார்த்து, எந்த மணிக்கு எந்தப் பக்கத்தில் ஆழம் இருக்கும் என்று குறித்து வைத்துக்கொண்டால்தான் நங்கூரம் போட நிம்மதியான இடம் கிடைக்கும்.

மறைவைத் தேடி அவசரமாகக் கப்பல் பாதையைக் குறுக்கே கடப்பது எனக்கு அலையைவிடப் பயம். பெருமழையில் கண்ணுக்கு எதிரே இருப்பது தெரியாது, அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். கப்பலுக்கும் நம்மைத் தெரியாது என்பதைத்தான் புதிதாக ஓட்ட வருகிறவர்கள் யோசிப்பதில்லை. பெரிய கன்டெய்னர் கப்பலின் மேல்தளத்திலிருந்து பார்த்தால் முன்னால் 500 மீட்டர் வரை கடல் மறைந்திருக்க விதியே இடம் தருகிறது, ரேடாரிலோ மழையே ஒரு வெள்ளைத் திட்டாக விழும்போது அதற்குள் நம் ஃபைபர் படகு எங்கே தெரியப்போகிறது. பார்த்தாலும் அந்தக் கப்பலால் சட்டென்று நிற்க முடியாது. ஆகவே மழை வரும் முன்பே பாதையின் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ முடிவு செய்துவிட வேண்டும், நடுவில் மாட்டக் கூடாது. விளக்கைப் போட்டு, வேகத்தைக் குறைத்து, இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறையாவது ஹாரன் அடித்து, விஹெச்எஃப் ரேடியோவில் அவசர அழைப்புக்கான 16-ஆம் சேனலில் காதை வைத்திருக்க வேண்டும்.

அப்படியும் திறந்த இடத்தில் சிக்கினால் வேகம்தான் முதல் எதிரி. என்ஜினை அணைக்கக் கூடாது, அணைத்தால் படகு பக்கவாட்டில் திரும்பி அலைக்கு விலாவைக் காட்டும். அணியத்தை, அதாவது படகின் முன்பக்கத்தை, அலைக்குச் சற்றுச் சாய்வாக வைத்து, படகு சொல்பேச்சு கேட்கிற அளவுக்கு மட்டும் முடுக்கிக்கொண்டு நிற்கலாம். பின்னாலிருந்து அலை தள்ளும்போது அதன் முதுகிலேயே இருக்க வேண்டும், முந்தி இறங்கினால் மூக்கு குத்தி படகு திரும்பிவிடும். காற்று ஒரு பக்கம், நீரோட்டம் எதிர்ப்பக்கம் என்றால் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும், அது இருக்கிறதிலேயே மோசம். ஆட்களைத் தரையில், நடுவில் உட்கார வைத்துவிடுவேன். லைஃப் ஜாக்கெட் காலையிலேயே போட்டிருக்க வேண்டும், ஆடுகிற படகில் பட்டையைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. என்ஜினை நிறுத்தும் கில் ஸ்விட்சின் கயிறு என் கையில் கட்டியிருக்கும். நான் தவறி விழுந்தால் என்ஜின் நிற்க வேண்டும், இல்லையென்றால் ஓட்ட ஆளில்லாத படகு என்னையே சுற்றி வரும்.

இடி வேறு கணக்கு. இங்கே ஆண்டுக்கு 160 நாளுக்கு மேல் இடி இடிக்கிறது, கேபின் இல்லாத படகில் அதற்குச் சரியான மருந்து எதுவும் இல்லை. ஆன்டெனாவை மடக்கி, தூண்டிலையும் உலோகக் கம்பியையும் விட்டு விலகி, தாழ உட்கார்ந்திருப்போம். தண்ணீருக்குள் யாரையும் இறங்க விடமாட்டேன்.

காற்று அடங்கியதும் கிளம்பிவிடத் தோன்றும். அப்போதுதான் மரக்கட்டை, தகரம், கயிறு எல்லாம் மிதந்து வரும், கொஞ்ச நேரம் மெதுவாகத்தான் போக வேண்டும்.

இதெல்லாம் படகோட்டியின் பக்கம். படகில் ஏறுகிறவர்களின் பக்கம் வேறு. நீர் வற்றும் நேரத்துக்குள் மாதிரி எடுத்தாக வேண்டும், ஆய்வகம் மதியத்துக்குள் கேட்கிறது, வானம் இன்னும் வெளுப்பாகத்தானே இருக்கிறது என்பார்கள். பொய் இல்லை, அவர்களுக்கும் மேலே ஒருவர் இருக்கிறார். முன்பெல்லாம் நான் வானிலையைப் பற்றி விளக்கிக்கொண்டிருப்பேன். பிறகு எங்கள் முதலாளி கொட்டேஷனில் வானிலைக் காத்திருப்பு என்று தனியாக ஓர் இனம் சேர்த்து அதற்கு மணிக்கு இவ்வளவு என்று ஒரு தொகையும் போட்டார். வாதம் பாதியாகக் குறைந்துவிட்டது. இப்போது மேற்கே கொஞ்சம் கறுத்தாலே "அண்ணே, இப்பவே ஒதுங்கிடலாமா, பட்ஜெட்ல ரெண்டு மணி நேரம் இருக்கு" என்று அவர்களே கேட்கிறார்கள்.