லிண்டாவின் பென்சில் கணக்கு

மார்ச் 3

ஆர்தர் மில்லரின் 'டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்' நாடகத்தை மறுபடியும் படிக்க எடுத்தேன். 1949 பிப்ரவரி 10 அன்று நியூயார்க்கின் மொராஸ்கோ தியேட்டரில் மேடையேறி 742 காட்சிகள் ஓடிய நாடகம். இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் வில்லி லோமனின் வேலை பறிபோகும் காட்சிக்குப் போய்விடுவார்கள். என்னைப் பிடித்து நிறுத்துவது அதற்கு வெகுமுன்னால், பழைய நினைவாக வரும் ஒரு கமிஷன் கணக்கு.

வெளியூர் சுற்றிவிட்டு வீட்டுக்கு வரும் சேல்ஸ்மேன் வில்லி, ப்ராவிடன்ஸில் 500, பாஸ்டனில் 700 என்று விற்றுத் தள்ளியதாக அளக்கிறான். மனைவி லிண்டா உடனே பென்சிலை எடுத்துக் கணக்குப் போடுகிறாள். கமிஷன் 212 டாலர்! அவள் முகம் மலர்ந்ததும் இவன் இறங்க ஆரம்பிக்கிறான். ப்ராவிடன்ஸில் ஒரு 180 இருக்கும். இல்லை, மொத்தப் பயணத்துக்கும் சேர்த்தே சுமார் 200தான். அவள் மறுபடி போடுகிறாள். எழுபது டாலரும் கொஞ்சம் சில்லறையும். நல்ல தொகைதான் என்கிறாள். அப்புறம் கட்ட வேண்டியவை வருகின்றன: ஃபிரிட்ஜுக்கு 16 டாலர், வாஷிங் மெஷினுக்கு 9.60, வாக்வம் கிளீனருக்கு மூன்றரை, கூரை வேலையில் பாக்கி 21. இன்னும் சிலதும் சேர்ந்து 15ஆம் தேதிக்குள் 120 டாலர் வேண்டும். கையில் வந்தது 70.

அவனைக் குத்திக்காட்ட ஒரு சொல் அவள் வாயிலிருந்து வரவில்லை. அடுத்த வாரம் நன்றாகப் போகும் என்று தேற்றுகிறாள். அந்தக் குடும்பத்தின் கதி எனக்கு இங்கேயே தெரிந்துவிடுகிறது. பொய் சொல்பவன் ஒருவன். அதை விழாமல் தாங்கிப் பிடிப்பது அந்த வீட்டிலேயே அவனை அதிகம் நேசிக்கிறவள்.

மார்ச் 4

மில்லருக்கு இந்தக் கதை வெளியிலிருந்து கிடைத்ததல்ல. அப்பா இசடோர் பெண்களுக்கான கோட் தயாரித்து விற்றவர். 1929 பங்குச்சந்தைச் சரிவில் எல்லாம் போய், குடும்பம் மன்ஹாட்டனை விட்டு புரூக்ளினுக்குக் குடிபெயர்ந்தது. மேனி நியூமன் என்று மாமா ஒருவர் இருந்தார், சேல்ஸ்மேன். 1947இல் மில்லரின் 'ஆல் மை சன்ஸ்' நாடகம் பாஸ்டனில் நடந்தபோது தியேட்டர் வாசலில் மில்லர் அவரைப் பார்க்கிறார். மேனியின் கண்கள் கலங்கியிருக்கின்றன. நலம் விசாரிப்பு இல்லை, நாடகத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எடுத்த எடுப்பில் அவர் சொன்னது, தன் மகன் பட்டி ரொம்ப நன்றாக இருக்கிறான் என்பதுதான். சொந்தக்காரப் பையன் ஜெயித்து நிற்கிறான் என்றால் நம் பிள்ளை எங்கே நிற்கிறான் என்று ஒப்பிட்டே வாழ்ந்த மனிதர். வில்லியின் மூச்சு இவரிடமிருந்து வந்தது.

மார்ச் 7

ரப்பர் குழாய்.

நிலவறையில் ஃபியூஸ் பெட்டிக்குப் பின்னால் ஒரு சின்ன ரப்பர் குழாயை லிண்டா கண்டுபிடிக்கிறாள். அதைப் பொருத்துவதற்கென்றே கேஸ் குழாயில் புதிதாக ஒரு முனை வைக்கப்பட்டிருக்கிறது. வில்லி எதற்குத் தயாராகிறான் என்று அவளுக்குப் புரிகிறது. தினமும் கீழே போய் அதை எடுத்துவிடுகிறாள். அவன் வீடு திரும்பும் நேரத்தில் இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிடுகிறாள். அவனிடம் கேட்டால் அவமானப்படுத்தியதாக ஆகிவிடுமே என்று மகன்களிடம் அழுகிறாள்.

அக்காவிடம் போனில் இதைச் சொன்னேன். "ஏண்டி, அவ தூக்கி எறிஞ்சிருந்தா மட்டும் என்ன ஆயிருக்கும்? கடைசில அவன் கார்லதானே போய் மோதிச் செத்தான்?" என்றாள்.

"அதுக்காக, திரும்பக் கொண்டுபோய் வைக்கணுமா அக்கா?"

"அவ அவனோட மானத்தைக் காப்பாத்தினா. அந்த வீட்ல வேற யாரு அதைச் செஞ்சா? ரெண்டு பசங்களும் ஹோட்டல்ல அப்பனைத் தனியா விட்டுட்டுப் பொண்ணுங்க பின்னாடி போனவங்க."

"மானம் மிஞ்சிச்சு, ஆளு மிஞ்சலையே."

அக்கா விடுவதாக இல்லை. லிண்டாவின் மேல் பழி போடுவது சுலபம், அவளுக்கு வேறு என்ன வழி இருந்தது என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் பழி போடவில்லை. அந்த அன்பைப் பார்த்துப் பயப்படுகிறேன், அவ்வளவுதான்.

மார்ச் 11

யூஜின் ஓ'நீல், 'லாங் டேஸ் ஜர்னி இன்டு நைட்'. தன் வீட்டைப் பற்றியே எழுதி 1941இல் முடித்து, தான் இறந்து 25 ஆண்டுகள் கழித்தே வெளியிட வேண்டும் என்று முத்திரையிட்டுப் பதிப்பாளரிடம் கொடுத்துவைத்தார். 1953இல் இறந்தார். மனைவி கார்லோட்டா அவ்வளவு காலம் காத்திருக்கவில்லை. 1956இல் ஸ்டாக்ஹோமில் அரங்கேறியது.

1912 ஆகஸ்டில் ஒரே ஒரு நாள். அம்மா மேரி மறுபடி மார்ஃபின் எடுக்கிறாளா என்று கணவனும் இரண்டு மகன்களும் அவளை நோட்டம் விடுகிறார்கள். யாரும் வாய் திறந்து கேட்பதில்லை. இளையவனுக்குக் காசநோய் என்பதை அம்மாவிடம் வெறும் சளி என்று ஓட்டுகிறார்கள். லோமன் வீட்டில் ஒருத்தி செய்தது இங்கே நாலு பேரின் பழக்கம்.

அப்பா டைரோன் புகழ்பெற்ற நடிகன், மகா கருமி. நள்ளிரவில் குடிபோதையில் மகனிடம் மனம் திறக்கிறான். இளவயதில் அவன் ஒதெல்லோவாக நடித்ததைப் பார்த்த பெரிய நடிகர் எட்வின் பூத், என்னைவிட இவன் நன்றாக நடிக்கிறான் என்று சொல்லியிருக்கிறார். அந்தச் சொற்களை ஒரு தாளில் எழுதி வாங்கி வருஷக்கணக்காகப் பர்ஸில் வைத்திருந்தான். அதற்கப்புறம் ஒரே ஒரு வெற்றி நாடகத்தின் உரிமையைக் குறைந்த விலைக்கு வாங்கி, வருமானம் கொட்டக்கொட்ட அதையே நடித்துத் திறமையை அடகு வைத்தான். அந்தத் தாள் இப்போது வீட்டில் எங்கேயோ கிடக்கிறது, எங்கே என்று தெரியவில்லை. இதைச் சொல்லி முடித்த கையோடு, கரண்ட் வீணாகாமல் விளக்கின் பல்புகளை ஒவ்வொன்றாக அணைக்கிறான். இவ்வளவு வலியோடு ஒரு கஞ்சனை யாரும் எழுதியதில்லை என்று அடித்துச் சொல்வேன்.

மார்ச் 12

ஆகஸ்ட் வில்சனின் 'ஃபென்சஸ்'. பிட்ஸ்பர்க், 1957. ஒரு காலத்தில் பேஸ்பால் ஆடி, இப்போது குப்பை அள்ளும் கறுப்பினத்தவன் டிராய் மேக்ஸன் மகனுக்குப் பொய் நம்பிக்கை எதுவும் தரவில்லை. அமெரிக்கக் கால்பந்து மூலம் கல்லூரியில் இடம் கிடைக்கவிருந்த கோரியின் வாய்ப்பைத் தானே போய்க் கெடுக்கிறான், வெள்ளைக்காரன் உன்னை முன்னேற விடமாட்டான் என்று. அவன் காலத்தில் அது உண்மை. ஆனால் பெரிய பேஸ்பால் லீகின் கதவு கறுப்பர்களுக்குத் திறந்தபோது அவனுக்கு வயதாகிவிட்டிருந்தது என்று மனைவி ரோஸ் சொன்னால் மட்டும் ஏற்கமாட்டான். அவனுக்கும் ஒரு கமிஷன் கணக்கு இருக்கிறது, தனக்குத்தானே போட்டுக்கொள்வது.

மார்ச் 16

லொரெய்ன் ஹான்ஸ்பெர்ரியின் 'எ ரெய்சின் இன் த சன்', 1959. சிகாகோவின் தெற்குப் பகுதியில் ஒரு கறுப்பினக் குடும்பத்தின் நெருக்கடியான வீடு. அப்பா இறந்து இன்ஷூரன்ஸ் பணம் 10,000 டாலர் வருகிறது. அம்மா லீனா 3,500ஐ வெள்ளையர் பகுதியில் ஒரு வீட்டுக்கு முன்பணமாகக் கட்டிவிட்டு, மீதி 6,500ஐ மகன் வால்ட்டரை நம்பிக் கொடுக்கிறாள். தங்கை படிப்புக்கென்று வங்கியில் போடச் சொன்ன 3,000ஐயும் சேர்த்து அவன் மதுக்கடைக் கூட்டில் போட, கூட்டாளி பணத்தோடு ஓடிவிடுகிறான்.

லீனா மூடி மறைக்கவில்லை. அந்தப் பணத்துக்காக அவன் அப்பா எப்படித் தேய்ந்து செத்தார் என்று சொல்லி அவனை அடிக்கிறாள். குடிவராமல் இருக்கப் பணம் தருவதாகச் சொன்ன வெள்ளையர் சங்கத்து ஆளிடம் அவன் அதை வாங்கத் தயாரானபோது, அதைத் தன் மகன் டிராவிஸ் கண்ணெதிரே செய்யட்டும் என்று பையனை அங்கேயே நிறுத்துகிறாள். வால்ட்டரால் முடியவில்லை. பணம் வேண்டாம், குடிவரப் போகிறோம் என்கிறான். அதே லீனாதான், ஒருவன் அடிமட்டத்தில் கிடக்கும்போதுதான் அவனை நேசிக்க வேண்டும் என்று மகளையும் கண்டிக்கிறாள்.

நாடகம் முடியும்போது நிம்மதி வந்துவிடவில்லை. ஹான்ஸ்பெர்ரியின் அப்பா 1937இல் இப்படித்தான் வெள்ளையர் பகுதியில் வீடு வாங்கினார். வீட்டைச் சுற்றிக் கும்பல் கூடியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1940இல்தான் சாதகமாக முடிந்தது. லீனாவின் குடும்பம் எங்கே போகிறது என்று எழுதியவருக்கு நன்றாகவே தெரியும்.

மார்ச் 18

லோமன்களிடம் திரும்பி வந்தேன், அக்காவின் கேள்வி விடவில்லை.

கடைசியில் மூத்த மகன் பிஃப் அந்த ரப்பர் குழாயை எடுத்து அப்பா முன்னால் மேஜையில் வைக்கிறான். நான் ஒன்றுமே இல்லை அப்பா, அந்தக் கனவைக் கொளுத்திப் போடு என்று கெஞ்சி, அவர் மேலேயே சாய்ந்து அழுகிறான். அந்த வீட்டில் முதல்முறையாக உண்மை முழுசாக வெளியே வருகிறது. வில்லிக்குக் கேட்பது வேறு. பையனுக்கு என்னைப் பிடிக்கிறது! அப்படியானால் நான் செத்து வரும் 20,000 டாலர் இன்ஷூரன்ஸ் கையில் இருந்தால் இவன் எங்கேயோ போய்விடுவான். காரை எடுத்துக்கொண்டு போகிறான். அந்தப் பணம் வந்ததா என்று நாடகம் சொல்லவே இல்லை.

அதனால் அக்காவுக்கு நான் சொல்லப்போவது இது: உண்மையைச் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பான் என்று நான் வாதாடவில்லை. அவ்வளவு வருஷம் கழித்துச் சொன்ன உண்மையும் அவனுக்குப் பழைய கனவுக்கு எண்ணெயாகத்தான் போய்ச் சேர்ந்தது. எழுபது டாலர் வந்த அன்றைக்கே, "இது போதாதுங்க, என்ன பண்ணலாம்?" என்று லிண்டா கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் சண்டை வந்திருக்கும். வந்திருக்கட்டுமே. பக்கத்து வீட்டு சார்லி வாரம் 50 டாலருக்கு வேலை தருகிறேன் என்று மன்றாடும்போது, கடனாக அதே ஐம்பதை வாங்கிக்கொண்டு வேலையை மறுக்கும் வீம்பு அவ்வளவு முற்றியிருக்காது.

கல்லறையில் பிஃப், அப்பா கண்டது தப்பான கனவு என்கிறான். சார்லி, இந்த மனிதனை யாரும் குறை சொல்லக் கூடாது என்று அவனை அடக்குகிறான். இளையவன் ஹாப்பியோ, அப்பா விட்ட இடத்தில் நான் ஜெயித்துக் காட்டுகிறேன், இதே ஊரில் முதலிடத்துக்கு வருகிறேன் என்று சூளுரைக்கிறான். பிஃப் அவனைக் கையாலாகாமல் ஒரு பார்வை பார்த்துவிட்டு அம்மா பக்கம் திரும்பிவிடுகிறான். அங்கேயும் யாரும் ஹாப்பிக்குப் பதில் சொல்லவில்லை.