பெயர் வர வேண்டிய இடத்தில் ஒரு கோடு

சிங்கப்பூரின் சாங்கி பிசினஸ் பார்க்கில் நான் இரவுப் பணி பார்த்த காலத்தில், ஒருநாள் பின்னிரவு 2 மணியளவில் எங்கள் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் புதிய இணைப்புகளை மறுக்கத் தொடங்கியது. நிறுவும்போதே வரும் உச்சவரம்பான 100 இணைப்புகளை அதில் யாரும் மாற்றியிருக்கவில்லை. பெரும்பாலானவை ஒரே சர்வரிலிருந்து வந்தவை என்பது தரவுத்தளத்தின் பக்கமிருந்தே தெரிந்தது. எந்த ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) அவற்றைப் பிடித்துவைத்திருக்கிறது என்பதை அந்தச் சர்வரில் நுழைந்துதான் பார்க்க வேண்டியிருந்தது.

அதில் ஓடிய எங்கள் ஜாவா சேவைக்கான கணக்கில் நுழைந்து, இணைப்புகளையும் அவற்றை வைத்திருக்கும் ப்ராசஸ்களையும் பட்டியலிடும் நெட்ஸ்டாட் கட்டளையை இட்டேன். தரவுத்தளத்தின் 5432 போர்ட்டை நோக்கிய வரிகளில் ஏறத்தாழ முப்பதின் கடைசியில் ‘ஜாவா’ என்றிருந்தது. அறுபதுக்கும் மேற்பட்டவற்றில் வெறும் சிறு கோடு. ரூட் (முழு நிர்வாகி) உரிமை இல்லாதவருக்குப் பிறர் ப்ராசஸ்களின் பெயர் தெரியாது என்பதை அறிந்திருந்தும், கண்ணுக்குத் தெரிந்ததையே குற்றவாளியாக்கி, ஜாவா சேவையை நிறுத்தித் தொடங்கினேன். அது விட்ட இடங்களையும் கோட்டுக்குப் பின்னால் இருந்தது எடுத்துக்கொண்டது. அதுவரை தட்டுத் தடுமாறி ஓடிய சேவை அடியோடு நின்றது.

கோப்பியோடு வந்த மூத்த சக ஊழியர் திரையைப் பார்த்துவிட்டு, “தம்பி, பேர் தெரியலைன்னா யூசர் நம்பரைப் பாருங்க, அது மறைக்காது” என்றார்.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் இணைப்புப் பட்டியலில் ப்ராசஸ் எண் கிடையாது. சாக்கெட்டின், அதாவது இணைப்பின் இந்த முனையின், ஐநோடு என்ற அடையாள எண் மட்டுமே உண்டு. நெட்ஸ்டாட்டும், அதே வேலையைச் செய்யும் எஸ்எஸ் கட்டளையும் அந்த எண்ணை எடுத்துக்கொண்டு, ப்ராசஸ்களின் விவரங்கள் இருக்கும் ‘ப்ராக்’ அடைவில் ஒவ்வொரு ப்ராசஸும் திறந்துவைத்திருக்கும் கோப்புகளுக்குள் தேடித்தான் பெயரைக் கண்டுபிடிக்கின்றன. பிறருடைய அந்தக் கோப்பு விவரங்களைப் படிக்க நமக்கு உரிமை இல்லாததால்தான் கோடு விழுகிறது. ஆனால் சாக்கெட்டை உருவாக்கிய பயனரின் எண் அதே பட்டியலில் எல்லாரும் படிக்கும்படியே இருக்கிறது. எஸ்எஸ் கட்டளையோடு ‘இ’ (e) என்ற ஆங்கில எழுத்தைச் சேர்த்தால் போதும், அது வந்துவிடும். (ரூட்டுக்குரிய சாக்கெட் என்றால் மட்டும் எண்ணைக் காட்டாமல் விட்டுவிடும், எண் இல்லாததே அங்கே விடை.)

கோடு விழுந்த எல்லா வரிகளிலும் ஒரே எண். ப்ராசஸ்களைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளையில் அதைக் கொடுத்ததும் ஒரே ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் வந்து நின்றது. வேலையை விட்டுப் போன ஒருவரின் கணக்கில் ஓடிய அது, ஒவ்வொரு சுற்றிலும் புதிய இணைப்பைத் திறந்து, பழையதை மூடாமல் ஒரு பட்டியலில் சேர்த்துக்கொண்டே இருந்தது; இடம் கிடைக்காவிட்டால் சற்றுப் பொறுத்து மறுபடி முயலும்படி, பாராட்டத்தக்க கவனத்தோடு எழுதியிருந்தார்கள்.

இன்னொருவர் ப்ராசஸை நிறுத்துவதற்கு ரூட் உரிமை வேண்டும். அதற்கான ஒப்புதல் கிடைத்தபோது விடிய ஆரம்பித்திருந்தது. சம்பவ அறிக்கையில் ஸ்கிரிப்ட்டைப் பற்றி இரண்டு வரியும், நான் ஜாவாவை நிறுத்தியதைப் பற்றி அரைப் பக்கமும் எழுதினேன்.