லண்டன் டவரில் ஒரு பெரிய தொரை

1966இல் பிபிசியில் வந்த 'டாக்டர் ஹூ' தொடரில் 'தி வார் மெஷின்ஸ்' என்றொரு கதை உண்டு. நாலே பகுதி, கறுப்பு வெள்ளை. லண்டனில் அப்போது புத்தம் புதிதாக நின்ற போஸ்ட் ஆபீஸ் டவரின் உச்சியில் வோட்டான் என்றொரு கம்பியூட்டர். உலகத்துப் பெரிய கம்பியூட்டர்களையெல்லாம் அதோடு தொடுக்கப் போகிறார்கள். அதற்குள் அதற்கே புத்தி முளைத்து, இனி மனுசன் ஆண்டது போதும் என்று முடிவெடுத்துவிடுகிறது. கதைக்கரு கொடுத்த கிட் பெட்லர் ஒரு விஞ்ஞானி. இணையம் வருவதற்கு முன்பே இப்படி யோசித்தாரே என்று எல்லோரும் மெச்சுகிறார்கள். சரி, மெச்சலாம்.

என்னைப் பிடித்து உட்கார வைத்தது வேறு. வோட்டானுக்குக் கை கால் கிடையாது. டவரை விட்டு அசையாது. டெலிபோனை எடுத்தவர் காதில் ஒரு சத்தம் விழும். அவ்வளவுதான், அவர் அதன் ஆள். பேராசிரியரும் மாட்டுகிறார், ராணுவ மேஜரும் மாட்டுகிறார். கொவென்ட் கார்டன் பக்கம் ஒரு கிடங்கில் ஆட்களை இறக்கி, போர் இயந்திரம் பூட்டும் வேலை நடக்கிறது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. இயந்திரத்தைச் சோதிக்க வேலையாள் ஒருத்தனையே அதன் முன்னால் நிறுத்துகிறார்கள். அவன் செத்து விழுகிறான், மற்றவர்கள் பெட்டி தூக்கிக்கொண்டே இருக்கிறார்கள்.

ஆயுசு முழுக்கத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்த அம்மாவும் பக்கத்தில் இருந்து பார்த்தார். இங்கிலீஸ் தெரியாது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏன் மகன், இவனுகளுக்குத் தேத்தண்ணி நேரமே இல்லையா?"

வெள்ளைக்காரனுக்கு அது பயங்கரக் கதை. மேலே எங்கேயோ இருக்கும், முகம் தெரியாத ஒன்று உத்தரவு போட, கீழே ஆட்கள் மூச்சு விடாமல் உழைக்கிறார்கள். எங்கள் தோட்டத்தில் அதற்குப் பெயர் பெரட்டு. காலையில் பேர் வாசிப்பு, மலையில் கங்காணி அதட்டல், கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம். ஏன் என்று கேட்டால் கணக்கப்பிள்ளை தோட்டத்து மேலாளரான தொரையைக் காட்டுவார், தொரை கொழும்பைக் காட்டுவார். இப்போது தராசும் டிஜிட்டல் ஆகிவிட்டது. முன்பு முள்ளைப் பார்த்துச் சண்டை போடலாம். இப்போது "மெஷின் சொல்லுது" என்றால் பேச்சு முடிந்தது.

கதையில் எனக்குப் பிடித்தது போலி (Polly) என்ற பெண் வரும் இடம். வோட்டானின் மயக்கத்தில் இருக்கும் அவள், பிடிபட்ட பென் என்ற இளைஞன் தப்பி ஓடுவதைப் பார்த்துக்கொண்டே சும்மா நிற்கிறாள். ஏன் விட்டாய் என்று விசாரித்தால், அவன் சிநேகிதன் என்கிறாள். வோட்டானின் கணக்கில் அதற்கு இடமில்லை.

போர் இயந்திரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சுத்தியல் கை வைத்த தகரப் பெட்டி. படப்பிடிப்புக்குச் செய்தது ஒன்றே ஒன்று, நம்பரை மட்டும் மாற்றி மாற்றிக் காட்டியிருக்கிறார்கள். கடைசியில் தொடரின் நாயகனான டாக்டர் அந்த இயந்திரங்களில் ஒன்றைப் பிடித்து, புத்தியைத் திருப்பி, வோட்டானையே அடிக்க அனுப்புகிறார். இத்தனை பெரிய சாமான் டவர் உச்சிக்கு எப்படி ஏறியது என்று அம்மா கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

பழைய பகுதிகள் பலவற்றைப் போலவே பிபிசி இதையும் அழித்துவிட்டிருந்தது. 1984இல் நைஜீரியாவிலிருந்து பிரதிகள் கிடைத்ததால்தான் நாம் பார்க்கிறோம்.

அடுத்து அதே தொடரில் 1973இல் வந்த 'தி கிரீன் டெத்'. அதிலும் ஒரு கம்பியூட்டர் முதலாளி, பெயரே பாஸ். வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளிகள் வருகிற கதை என்று சொன்னதும் அம்மா கேட்டார், "அங்கன யூனியன் இருக்கா?"