கரைக்குக் கீழே வீடு வாங்கும் முன்

ஓக்லஹோமாவின் மேற்குப் பக்கம் காரில் போனால், கோதுமை வயலுக்கும் மாட்டுப் பண்ணைக்கும் நடுவே புல் மூடிய நீளமான மேடு அடிக்கடி கண்ணில் படும். பின்னால் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். யாரோ மாட்டுக்காக வெட்டிய குட்டை என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவோம். பல நேரம் அது வெள்ளத்தைத் தடுக்கக் கட்டிய மண் அணையாக இருக்கும். இந்த மாநிலத்தில் மட்டும் இப்படி 2,107 இருக்கின்றன, அமெரிக்கா முழுவதும் 11,800-க்கு மேல்.

1934 ஏப்ரலில் வாஷிட்டா ஆறு பெருகி, ஹேமன் என்ற சிற்றூர்ப் பக்கம் 17 பேரைக் கொண்டுபோனது. பத்து வருடம் கழித்து, 1944 வெள்ளத் தடுப்புச் சட்டத்தில் வாஷிட்டா படுகையும் சேர்க்கப்பட்டது. பெரிய ஆற்றை மறித்து ஒரே ஒரு பெரிய அணை கட்டுவதற்குப் பதிலாக, மழைத்தண்ணீர் கிளம்பும் சின்னச் சின்ன ஓடைகளிலேயே அதைப் பிடித்து நிறுத்தலாம் என்று யோசித்தார்கள். கார்டெல் ஊருக்குப் பக்கத்தில் கிளவுட் கிரீக் ஓடையில் 1948 ஜூலையில் முடிந்ததுதான் இந்த வகையில் நாட்டின் முதல் அணை.

இந்த அணைகளில் எனக்கு மிகவும் பிடித்தது, ஷட்டரும் கிடையாது, திறந்து மூட ஆளும் கிடையாது என்பதுதான். கரைக்குள் ஒரு குழாய் போகும், அதன் உள்பக்க முனையில் கான்கிரீட் தொட்டி போல ஒன்று நிமிர்ந்து நிற்கும். மழை கொட்டி நீர்மட்டம் தொட்டியின் வாயைத் தாண்டினால், அந்தக் குழாய் எவ்வளவு விடுமோ அவ்வளவுதான் கீழே போகும். ஒரே ராத்திரியில் வந்த வெள்ளம் பல நாள் எடுத்துக்கொண்டு மெதுவாக வடியும். அதையும் மீறிப் பெருமழை வந்தால், கரையின் ஓரத்தில் இயற்கையான தரையில் வெட்டிய புல் கலிங்கு வழியாக உபரி நீர் வெளியேறும். தொட்டி வாய்க்குக் கீழே உள்ள கொள்ளளவு, வந்து சேரும் வண்டலுக்காக விட்டது. பெரும்பாலான அணைகளுக்கு அதை 50 வருடத்துக்குக் கணக்குப் போட்டார்கள். 1950-களிலும் 60-களிலும் கட்டியவற்றுக்கு அந்தக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது.

வயதானால் முதலில் கெடுவது குழாய். பழைய அணைகள் சிலவற்றில் இருப்பது நெளித்தகடு இரும்புக் குழாய். அது துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் சுற்றியுள்ள மண் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே உதிரும், மேலே கரைச் சரிவில் திடீரென்று ஒரு குழி தெரியும். அந்தக் குழியைப் பார்த்துவிட்டு மண் போட்டு மூடினால் போதும் என்று நினைப்பது மிகவும் ஆபத்து. மரமும் அப்படித்தான். கரையில் மரம் நிழலாக அழகாக இருக்கும், ஆனால் பட்டுப்போனதும் வேர் மக்கி, அது இருந்த இடம் தண்ணீர் ஓடும் பொந்தாகிவிடும். அப்புறம் எலி, பீவர் தோண்டும் வளைகள், மாடு நடந்து நடந்து புல் தேய்ந்துபோன தடங்கள்.

இந்த மாநிலத்தின் மண்ணிலேயே இன்னொரு சிக்கலும் உண்டு. சில இடத்துக் களிமண் பார்க்கக் கெட்டியாகத்தான் இருக்கும், ஆனால் சுத்தமான தண்ணீரில் ஒரு கட்டியைப் போட்டால் சர்க்கரை போலக் கரைய ஆரம்பித்து, சுற்றிலும் கலங்கலாகப் பரவும். வெயிலில் கரை வெடித்திருக்கும்போது முதல் முறையாகத் தண்ணீர் நிறைந்து, அந்த வெடிப்பு வழியே மண்ணை அரித்து, புதிதாகக் கட்டிய அணைகள்கூடச் சில உடைந்திருக்கின்றன. ஊசித் துளை அளவு ஓட்டை வழியாகத் தண்ணீர் விட்டுப் பார்க்கும் மண் பரிசோதனை 1970-களில் வந்தது இந்த மாதிரி உடைப்புகளை ஆராய்ந்த பிறகுதான்.

இதெல்லாம் கரையைப் பற்றியது. ஆனால் என்னை உண்மையில் கவலைப்பட வைப்பது கரைக்குக் கீழே நடப்பது. அணைகளை வகைப்படுத்தும்போது, உடைந்தால் யாருக்கு என்ன ஆகும் என்பதைத்தான் பார்க்கிறார்கள், அணை எவ்வளவு உறுதி என்பது தனிக் கணக்கு. வயல் மட்டும் இருந்த காலத்தில் குறைந்த ஆபத்து வகையில் வைத்து, அதற்கு ஏற்ற சின்னக் கலிங்கோடு கட்டிய ஓர் அணையை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்குக் கீழே நாற்பது வீடு வந்தால் அது உயர்ந்த ஆபத்து வகைக்குப் போய்விடும். கரையில் ஒரு பிடி மண்கூட மாறியிருக்காது, ஆனால் தாங்க வேண்டிய மழையின் அளவு பல மடங்கு கூடிவிடும். இந்த அணைகளைப் பராமரிப்பது மண்வளப் பாதுகாப்பு மாவட்டம் என்ற உள்ளூர் அமைப்பு. கரைக்குக் கீழே வீடு கட்டாதே என்று சொல்லும் அதிகாரம் அதற்குக் கிடையாது. வெள்ளமே வராததால் இது பத்திரமான இடம் என்று நம்பி மக்கள் வருகிறார்கள். வெள்ளம் வராமல் இருப்பதற்குக் காரணமே மேலே இருக்கும் அந்தக் கரைதான் என்று யாரும் அவர்களிடம் சொல்வதில்லை. இது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

சின்ன அணைதானே என்பவர்களுக்கு ஜார்ஜியா மாநிலத்தின் கெல்லி பார்ன்ஸ் அணையைச் சொல்வேன். அது வெள்ளத் தடுப்பு அணை இல்லை, சுமார் 40 அடி உயர மண் அணை, அவ்வளவுதான். 1977 நவம்பர் 6 அதிகாலையில் உடைந்து, கீழே இருந்த கல்லூரி வளாகத்தில் தூங்கிக்கொண்டிருந்த 39 பேர் இறந்தார்கள்.

சீரமைக்க வழி இருக்கிறது. 2000-ல் வந்த சட்டப்படி செலவில் 65 சதவீதம் மத்திய அரசு தரும், மீதி 35 உள்ளூரில் திரட்ட வேண்டும். குழாயை மாற்றுவது, அதைச் சுற்றி மணல் வடிகட்டி வைப்பது, கரையை உயர்த்துவது, கலிங்கை அகலப்படுத்துவது எல்லாமே தெரிந்த வேலைதான். சின்ன ஊர்களுக்கு அந்த 35-ஐத் திரட்டுவதுதான் மலையாக இருக்கிறது, அதனால்தான் வருடக்கணக்கில் தள்ளிப்போகிறது.

இங்கே வீடு தேடும் நம் நண்பர்களிடம் நான் சொல்வது: மனைக்கு மேலே ஓடையில் அணை இருக்கிறதா என்று தேசிய அணைப் பட்டியலின் இணையதளத்தில் பாருங்கள், எல்லாருக்கும் திறந்ததுதான். எந்த ஆபத்து வகை, பல அணைகளுக்குக் கரையின் நிலை என்ன என்பதும் அதில் இருக்கும். அவசரகாலத் திட்டம் உண்டா, உடைந்தால் தண்ணீர் எதுவரை வரும் என்ற வரைபடம் உண்டா என்று பாதுகாப்பு மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள். ஏற்கனவே அங்கே குடியிருந்தால், பெருமழைக்கு மறுநாள் கரையின் கீழ்ப்பக்க அடிவாரத்தை எட்ட நின்று கவனியுங்கள். தெளிந்த நீர் கொஞ்சம் கசிந்தால் அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். கலங்கலாக வந்தால் கரை மண் உள்ளிருந்து வெளியேறுகிறது என்று பொருள். உடனே 911-ஐக் கூப்பிடுங்கள், கீழ்ப்பக்க வீட்டுக்காரர்களையும் எழுப்புங்கள்.