மோகன் கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றும் வேலை: இதுவரை

பரணில் கிடந்த நடிகர் மோகன் பட கேசட்டுகளை எல்லாம் கணினியில் ஏற்றிவிட வேண்டும் என்று ஆரம்பித்த வேலை பாதிக்கு மேல் முடிந்திருக்கிறது. எண்பதுகளில் எங்கள் வகுப்பே ரஜினி கட்சி, கமல் கட்சி என்று பிரிந்து நின்றபோது நான் மோகன் பக்கம். சட்டையைக் கிழித்துக்கொண்டு சண்டை போடாத, மைக்கைப் பிடித்துப் பாடுகிற, பெண்களிடம் மென்மையாகப் பேசுகிற ஒருவர் கதாநாயகனாக இருக்கலாம் என்பதே எனக்கு அப்போது பெரிய நிம்மதி. 'பயணங்கள் முடிவதில்லை' (1982), 'உதயகீதம்' (1985), 'மௌன ராகம்' (1986) எல்லாம் அந்த வரிசைதான். சில ஒரிஜினல் கேசட், மற்றவை ரெக்கார்டிங் கடையில் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்துப் பதிந்து வாங்கியவை.

முதல் வேலை சுத்தம் செய்வது. நம்ம ஊர் ஈரக்காற்றில் நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை படிந்திருக்கும், அதை அப்படியே கேசட் ஓட்டும் டெக்கில் போட்டால், நாடாவிலிருந்து ஒலியைப் படிக்கிற ஹெட்டும் வீணாகி அடுத்த கேசட்டுக்கும் பரவும். ஸ்க்ரூ வைத்த கேசட் என்றால் பிரித்து, சுருளை வேறு கூட்டுக்கு மாற்றிவிடலாம். ஒட்டி மூடியதுதான் தலைவலி, பிளேடு வைத்து மெதுவாகப் பிளக்க வேண்டும். நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கிற அந்தக் குட்டிப் பஞ்சுத் துண்டு நிறைய கேசட்டுகளில் பசை விட்டு உதிர்ந்திருக்கிறது, அது இல்லாமல் பாட்டு கிணற்றுக்குள்ளிருந்து கேட்கும். பழைய உடைந்த கேசட்டில் இருந்து எடுத்து ஒட்டினால் சரியாகிவிடுகிறது.

அப்புறம் ஹெட்டின் கோணம். ஹெட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். பாட்டை ஓடவிட்டு அதைக் கால் சுற்றுகூட வேண்டாம், மயிரிழை அளவு திருப்பினால் போதும், 'இளைய நிலா' தொடக்கத்தில் கிடார் நரம்பின் கூர்மை சட்டென்று மேலே வரும். அது வரும் இடத்தில் நிறுத்த வேண்டும். கடையில் பதிந்த ஒவ்வொரு கேசட்டுக்கும் இந்த இடம் வேறு என்பதால் ஒவ்வொன்றுக்கும் திருப்பித்தான் ஆக வேண்டும். ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதியும்போது உச்ச அளவு மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் வைக்கிறேன். இரைச்சலை நீக்கும் வசதியை ரொம்பக் கொஞ்சமாகத்தான் தொடுகிறேன், அதிகம் போனால் எஸ்.பி.பி. மூச்சு வாங்குவதும் சேர்ந்து போய்விடும்.

அந்த மூச்சு எனக்கு முக்கியம். மாற்றிய பாட்டை, படத்தின் காட்சியை ஒலி இல்லாமல் ஓடவிட்டு அதன்மேல் பொருத்திப் பார்க்கிறேன். கேசட் வேகமும் வீடியோ வேகமும் ஒத்துப்போவதில்லை. நொடிக்கு 24 பிரேம் ஓடும் படத்தை 25 ஆக்கி வெளியிட்ட டிவிடிகளில் பாட்டே சுமார் 4 சதவீதம் வேகமாக ஓடும். அதனால் அசல் பதிவைத் தொடாமல் வைத்துவிட்டு, ஒரு நகலை மட்டும் வேகம் மாற்றி ஒட்டுகிறேன். 'சங்கீத மேகம்' சரியாக உட்கார்ந்தபோது மோகனின் உதட்டை விட்டுவிட்டுக் கழுத்தையும் தோளையும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். வரி தொடங்குமுன் பாடகர் மூச்சு எடுக்கும் இடத்தில் இவருக்கும் நெஞ்சு ஏறுகிறது. நீட்டுகிற சுரத்தில் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா நிற்பதில்லை. அவர் பாடகர் இல்லை என்பது தெரிந்தே பார்த்தும் எனக்கு நம்பிக்கை குறையவில்லை.

'விதி' (1984) கதை வசன கேசட்டுக்கு வந்தபோதுதான் இது இன்னும் தெளிவாகப் புரிந்தது. அந்தக் காலத்தில் டீக்கடை, கல்யாண வீடு எங்கும் ஒலித்த கேசட் அது. கோர்ட்டில் சுஜாதா கேள்வி கேட்க, பூர்ணிமாவை ஏமாற்றியவராக மோகன் நிற்பார். நல்ல பையன் என்று பெயர் எடுத்தவர் அந்த வேடத்தை ஏற்றதே துணிச்சல்தான். ஆனால் கேசட்டில் கேட்பது எஸ்.என்.சுரேந்தரின் குரல், பெரும்பாலான தமிழ்ப் படங்களில் மோகனுக்குப் பேசியவர் அவர்தான். ஆக நான் இத்தனை வருடம் பொத்திப் பொத்திப் பாதுகாத்த கேசட்டுகளில் பாட்டு எஸ்.பி.பி., பேச்சு சுரேந்தர், மோகனின் குரல் கிட்டத்தட்ட எங்குமே இல்லை. ஆனாலும் கண்ணை மூடிக் கேட்டால் எனக்கு அவர் முகம்தான் வருகிறது. இரண்டு பேரின் குரலை ஒரே மனிதனுடையதாக நம்மை நம்பவைத்த உழைப்புக்கு மோகனுக்குக் கிடைத்த பாராட்டு போதவே போதாது. 'மைக் மோகன்' என்று செல்லமாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டோம். சுரேந்தருக்கும் அதே நிலைதான்.

இனி 'மௌன ராகம்' கேசட்டின் இரண்டாம் பக்கம் பாக்கி. நீண்ட நாள் சுற்றியே கிடந்ததால் பாட்டு தொடங்குமுன்பே அதன் மெல்லிய நிழல் ஒலி கேட்கிறது. சில தடவை முன்னும் பின்னும் முழுதாகச் சுற்றிவிட்டால் இது குறையும், அதைச் செய்துவிட்டுத்தான் பதியப் போகிறேன். நல்ல நிலையில் ஸ்க்ரூ வைத்த காலிக் கேசட் கூடுகள் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.