ஒரே ஊரில் இரண்டு மணி

2016 கடைசியில் நான் சைப்ரஸ் தீவின் தலைநகர் நிகோசியாவில் இருந்தேன். தீவு 1974 முதல் தெற்கில் கிரேக்கர்கள், வடக்கில் துருக்கியர்கள் என்று இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது, ஊரும் அப்படியே. சைப்ரஸ் கிரேக்கர்களையும் சைப்ரஸ் துருக்கியர்களையும் ஒரே மேசையில் உட்கார வைத்துப் பேச வைக்கும் ஒரு சின்ன அமைப்பில், கூட்டங்களுக்கு ஏற்பாடு செய்கிற வேலை.

அந்தக் குளிர்காலத்தில் துருக்கி கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளவில்லை, தீவின் வடக்கும் அப்படியே இருந்துவிட்டது, தெற்கு மட்டும் ஐரோப்பாவோடு சேர்ந்து தள்ளிக்கொண்டது. லெட்ரா தெருவில் இரண்டு பக்கத்துக்கும் நடுவே உள்ள சோதனைச் சாவடியை வடக்கே தாண்டினால் ஒரு மணி நேரம் கூடிவிடும். இதை யோசிக்காமல் 'காலை 10 மணி' என்று மட்டும் அழைப்பு அனுப்பிவிட்டேன். வடக்கிலிருந்து வந்தவர்கள் அவர்கள் கடிகாரப்படி சரியாக வந்து, பூட்டிய கதவுக்கு வெளியே குளிரில் நின்றிருந்தார்கள். அதில் ஒரு பாட்டி, சின்ன வயதில் தெற்கே பாஃபோஸில் வீட்டை விட்டுவிட்டு வடக்கே போனவர். மன்னிப்புக் கேட்டேன். ஒன்றும் சொல்லாமல், கொடுத்த காபிக் கோப்பையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து எல்லா அழைப்பிலும் இரண்டு நேரம் எழுதினேன்.

தீவை மறுபடி ஒன்றாக்கும் பெரிய பேச்சுவார்த்தையும் அப்போது நடந்துகொண்டிருந்தது. கிரேக்கத் தரப்புத் தலைவர் அனஸ்தாசியாடிஸ், துருக்கியத் தரப்புத் தலைவர் அகின்ஜி இருவரும் 2015 மே மாதம் லெட்ரா தெருவில் சேர்ந்து நடந்து காபி குடித்தவர்கள், அதனால் எங்களுக்கெல்லாம் உண்மையாகவே நம்பிக்கை இருந்தது. 2017 ஜூலை 7 விடியும் முன் சுவிட்சர்லாந்தின் கிரான்ஸ் மொன்டானாவில் எல்லாம் முறிந்தது. வடக்கில் இருக்கும் துருக்கிப் படைகள், தேவைப்பட்டால் தீவில் தலையிடலாம் என்று 1960-இல் பிரிட்டன், கிரீஸ், துருக்கி மூன்றுக்கும் கொடுத்த உத்தரவாத உரிமை, இந்த இரண்டையும் தாண்ட முடியவில்லை.

எனக்கு ஆறாதது வேறு. எல்லாவற்றுக்கும் ஒப்புக்கொள்ளும் வரை எதற்கும் ஒப்புக்கொண்டதாகாது என்பது அந்தப் பேச்சின் விதி. சொத்து, ஆட்சிப் பகிர்வு என்று மாதக்கணக்கில் உட்கார்ந்து நெருங்கி வந்ததெல்லாம் ஒரே இரவில் செல்லாமல் போனது. ஆனால் இதே அகின்ஜி வடக்கு நிகோசியாவின் மேயராக இருந்தபோது, 1978-இல், தெற்கு மேயர் டிமிட்ரியாடிஸுடன் பேசி நகரத்துக்குப் பொதுவான பாதாளச் சாக்கடைத் திட்டத்துக்கு வழி செய்தார். தீர்வு வரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. முடிந்ததை முடிந்தவரை அப்போதே அமல்படுத்தியிருந்தால் என்ன என்று இன்றும் கேட்கிறேன்.

பேச்சு முறிந்த அன்று காலை எங்கள் அடுத்த கூட்டத்துக்கான அழைப்பு என் மேசையில் இருந்தது. கோடையில் இரண்டு பக்கமும் ஒரே நேரம்தான். இருந்தாலும் பழக்கத்தில் வடக்கு 10, தெற்கு 10 என்று எழுதி அனுப்பினேன். பாட்டியும் வந்தார்.