யானை இருக்குமிடம் பைகுல்லா

ஷீரடி போய்விட்டுத் திரும்பும் வழியில் மும்பையில் எங்களுக்கு ஒரு பகல் கிடைத்தது. காலை எட்டு மணிக்கு சி.எஸ்.எம்.டி. ஸ்டேஷனில் வந்து இறங்கினோம். திருநெல்வேலிக்கு ரயில் ராத்திரிதான். நான், என் மனைவி, மாமனார், அவருடைய வயர்க்கூடை.

கூடையைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. க்ளோக் ரூமில் பூட்டுப் போட்ட சாமான்களை மட்டும்தான் வாங்குவார்கள். பெட்டிகளுக்குப் பூட்டு இருந்தது. வயர்க்கூடைக்கு எங்கே போட? மாமா ஒரு பூட்டை வாங்கி இரண்டு கைப்பிடியையும் சேர்த்துப் பூட்டிக் காட்டினார். கவுன்டரில் இருந்தவர் ஒரு விரலை பக்கவாட்டில் நுழைத்து உள்ளேயிருந்த வாழைப்பழத்தைத் தொட்டுக் காட்டினார். விவாதம் அத்தோடு முடிந்தது. அன்று முழுக்க அந்தக் கூடை எங்களோடு மும்பை பார்த்தது, பூட்டோடு.

மூன்று ராத்திரி உட்கார்ந்து நான் திட்டம் போட்டிருந்தேன். முதலில் கேட்வே, அங்கிருந்து படகில் எலிஃபெண்டா குகை, மாலையில் மரைன் டிரைவ். மாமாவுக்கு எலிஃபெண்டா என்ற பெயரைக் கேட்டதிலிருந்தே யானை பார்க்கும் ஆசை. "குகையில சிவன்தான் மாமா, இருபது அடி உயரத்துல மூணு முகத்தோட" என்று சொல்லிப் பார்த்தேன். "சரி மாப்ள, யானை இல்லாமலா பேரு வச்சிருப்பான்?" என்றார்.

வெளியே வந்து கால் மணி நேரம் ஆட்டோ தேடினார். தென் மும்பைக்குள் ஆட்டோவே வரக்கூடாது, கறுப்பு மஞ்சள் டாக்சிதான் என்று சொன்னதும், "இவ்வளவு பெரிய ஊருல ஒரு ஆட்டோ இல்லையா?" என்று பாளையங்கோட்டையை நினைத்துப் பெருமூச்சு விட்டார்.

கேட்வே ஆஃப் இந்தியா படங்களில் பார்த்ததைவிடப் பெரிதாகத்தான் இருந்தது. புறாவும் புகைப்படக்காரர்களும் சம அளவில் சூழ்ந்துகொண்டார்கள். நான் படித்துவைத்த வரலாற்றை எடுத்துவிட்டேன். 1911-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் இங்கே வந்து இறங்கியதன் நினைவாகக் கட்டியது. அவர் வந்தபோது அட்டையில் செய்த மாதிரி மட்டும்தான் இருந்தது. அடிக்கல் 1913-இல், திறப்பு 1924 டிசம்பரில். எதிரே நிற்கிற தாஜ் ஹோட்டல்கூட இதற்கு மூத்தது, 1903.

மாமா விரல் விட்டு எண்ணினார். "தாலி கட்டி பதிமூணு வருஷம் கழிச்சுப் பந்தல் போட்டிருக்கானுவ."

1948 பிப்ரவரியில் கடைசி பிரிட்டிஷ் படைப்பிரிவு இந்த வாசல் வழியாகத்தான் கப்பலேறியது என்றும் சொன்னேன். "அப்ப வரும்போது ரெடியாகல, போகும்போதுதான் உதவியிருக்கு" என்றார். இவரை எங்காவது கைடாகச் சேர்த்துவிடலாம்.

படகு டிக்கெட் கவுன்டருக்குப் போனேன். அங்கிருந்தவர் என்னைப் பாவமாகப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "சோம்வார்."

திங்கட்கிழமை. எலிஃபெண்டா குகைக்கு வாரம் ஒரு நாள் விடுமுறை. அந்த ஒரு நாளைத்தான் நான் மூன்று ராத்திரி யோசித்துத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். மனைவி எதுவும் பேசவில்லை. அவள் திட்டினால்கூடப் பரவாயில்லை; சும்மா கடலைப் பார்த்தாள். அப்புறம் போனை எடுத்து எதையோ படித்துவிட்டு, "யப்பா, நீங்க கேட்ட யானை தீவுலயே இல்லையாம், பைகுல்லாவுல இருக்காம்" என்றாள்.

விஷயம் இதுதான். அந்தத் தீவில் கிடந்த ஒரு கல் யானையைப் பார்த்துத்தான் போர்ச்சுக்கீசியர்கள் அந்தப் பெயரை வைத்தார்கள். 1864-இல் பிரிட்டிஷ்காரர்கள் அதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோகத் தூக்கியபோது, கிரேனின் சங்கிலி அறுந்து யானை துண்டு துண்டானது. பிற்பாடு துண்டுகளை ஒட்டவைத்தார்கள். இப்போது மும்பைக்குள்ளேயே இருக்கும் பைகுல்லாவில், மிருகக்காட்சி சாலையை ஒட்டிய பாவு தாஜி லாட் மியூசியத் தோட்டத்தில் நிற்கிறது.

திரும்ப சி.எஸ்.எம்.டி. வந்து ஐந்து ரூபாய் டிக்கெட் எடுத்து ஃபாஸ்ட் லோக்கலில் ஏறினோம். முதல் நிறுத்தமே பைகுல்லாதான், தவறவிட வாய்ப்பே இல்லை. மனைவி பெண்கள் பெட்டியில், நாங்கள் இருவரும் பொதுப் பெட்டியில். உட்கார இடம்கூடக் கிடைத்தது. அதுதான் வினை.

அறிவிப்பு முதலில் மராத்தியில் வந்தது. மராத்தியில் அந்த ஊரின் பெயர் பாய்களா. "பாய்களா? உக்காந்துதான இருக்கோம், பாய் எதுக்கு?" என்று மாமா கேட்டார். நான் விளக்கி முடிப்பதற்குள் வண்டி நின்றுவிட்டது. நம் ஊர்ப் பழக்கத்தில் வண்டி நின்ற பிறகு நிதானமாக எழுந்தோம். லோக்கலில் அந்தப் பேச்சே கிடையாது. நிற்பதற்கு முன்பே, எந்தப் பக்கம் பிளாட்பாரம் வரும் என்று தெரிந்து, அந்தக் கதவருகே போய் நிற்க வேண்டும். நாங்கள் போனது எதிர்ப்பக்கக் கதவுக்கு. திரும்பினால், ஏறுகிறவர்கள் ஒரே அலையாக வந்தார்கள். கூடை ஒருவர் முழங்காலுக்கும் இன்னொருவர் பைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. மாமா கூடையை விடவில்லை. கூடை எங்களை விடவில்லை. வண்டி கிளம்பிவிட்டது.

தாதரில் நாங்களாக இறங்கவில்லை, கூட்டமே இறக்கிவிட்டது. போன் அடித்தது.

"நான் இறங்கிட்டேன். நீங்க எங்க இருக்கீங்க?"

"தாதர்."

"அங்க என்ன இருக்கு?"

"ஜனம்."

பெண்கள் பெட்டியில் இவள் ஏறியதுமே எங்கே இறங்க வேண்டும் என்று கேட்டு, சரியான கதவருகே நிறுத்தி, இவள் இறங்கும்வரை மற்றவர்களைத் தடுத்துப் பிடித்துக்கொண்டார்களாம். ஹிந்தியில் இவளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரிந்ததைவிடக் குறைவு.

திரும்பி வரும்போது தாதரில் ஏறியதிலிருந்தே கதவருகில் நின்றோம், ஒரு கதவில் மாமா, எதிர்க்கதவில் நான். யார் பக்கம் பிளாட்பாரம் வந்தாலும் மற்றவரைக் கூப்பிடுவது என்று ஒப்பந்தம்.

யானை ஒரு வழியாகக் கிடைத்தது. கருங்கல், உடம்பெல்லாம் ஒட்டுப்போட்ட தழும்பு. நானும் மனைவியும் இரண்டு நிமிடத்தில் பார்த்து முடித்துவிட்டோம். மாமா மட்டும் நகரவில்லை. மடியிலிருந்து சாவியை எடுத்துக் கூடையைத் திறந்தார்.

"யானைகிட்ட வெறுங்கையோட போகக்கூடாது" என்று இரண்டு வாழைப்பழங்களை அதன் முன்னால் வைத்தார். நான்கு எட்டு நடப்பதற்குள் மும்பைக் காக்கை ஒன்று வந்து ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனது. இன்னொன்றைத் தோட்டக்காரர் எடுத்து எங்களிடமே திருப்பிக் கொடுத்தார், குப்பை போடக்கூடாது என்ற அறிவுரையோடு.

ஊருக்கு வந்ததும் எதிர்வீட்டு சார் கேட்டார், "எலிஃபெண்டா பாத்தீங்களா?"

"யானையப் பாத்தாச்சு" என்றார் மாமா. "குகைக்குத்தான் அன்னைக்கு லீவு."